ரீடிங் ஏறுனது எதுக்குன்னா

குடிங்கம்மிணி, சங்கடப்படாதீங்க. கேன் தண்ணியில போட்ட டீதானுங்க அது. எங்க கிணத்துத் தண்ணி இல்ல. இப்பெல்லாம் ஊட்டுக்கு வர்றவங்ககிட்ட மொதல்ல இதச் சொல்லிப்போட்டுத்தான் டம்ளரையே நீட்டறது. தலையெழுத்து. போன வருசம் யாராச்சும் வந்து, ஏன் தெய்வாத்தா, உன்ற ஊட்டுல கேன் தண்ணியா வாங்கறன்னு கேட்டிருந்தா, வெளக்கமாத்தத் தூக்கியிருப்பேன்.

என்னங்க? சேட்டிலைட்டுத் தட்டுல கோளாறு ஒண்ணும் இல்லீங்களா? அதான் எனக்குத் தெரியுமே. இந்த மாசி வெய்யில்ல மாடியேறி, அந்த லேப்டாப்ப மடியில வெச்சுட்டு ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பாத்தீங்க. நான் கீழ இருந்தே சொல்லியிருப்பேன், அது நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணின்னு. நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. உங்க வேலை அது, பாத்துத்தான் ஆகோணும். அந்தச் சேர் வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

யாரு, என்ற தம்பியா? இங்க வர்றேன்னு போன்ல சொன்னானுங்களா? வரமாட்டான். அவன் இந்த வாசப்படி மிதிச்சு இருவது நாளாச்சு. நீங்க மாடிய விட்டு எறங்கிட்டீங்கன்னு தெரிஞ்சா வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு போன் போடுவான். போடட்டும். அதுக்குள்ள சித்தெ நான் சொல்றதக் கேட்டுட்டுப் போங்க. காத்தால ரீடிங் ஏன் ஏறுச்சுன்னு ஆபீசுக்கு என்ன சொல்றதுன்னு நீங்களும் முழிச்சுட்டுத்தான இருக்கறீங்க.

அதா, தகரக் கூரையும் புகைபோக்கியும் தெரியுது பாருங்க, அதுதான் செங்கோட்டையன் சாயப்பட்டறை. எனக்கு எளையவன். எங்கப்பன் காட்ட ரெண்டாப் பிரிச்சப்ப ரோட்டோரம் அவன் பக்கம் போச்சு, கிணறு எம்பக்கம் வந்துது. அல்லாரும் என்னையக் கிறுக்கின்னாங்க. ரோட்ட விட்டுப்போட்டுக் கிணத்தக் கேட்டு வாங்கறா பாருன்னாங்க. நான் கேட்டு வாங்குனதுதானுங்க. அந்தத் தண்ணி அப்படி. பருப்பு போட்டா ரெண்டு கொதியில கரையும். குன்னத்தூர் சந்தைக்குப் போற வண்டிக்காரங்க நிறுத்தி, அக்கா ஒரு சொம்புன்னு வாங்கிக் குடிச்சுட்டுப் போவாங்க. ஊருல கல்யாணம் காட்சின்னா சமையலுக்கு எங்க தண்ணிதான் போகோணும். அதுல எனக்கு ஒரு கெர்வம் இருந்துது. இல்லைன்னு சொல்லமாட்டேன்.

அவன் திருப்பூர் மண்ணரையில பனியன் தைக்கறதுக்குப் பத்து பவர் டேபிள் போட்டு ஆரம்பிச்சவன். பொழைச்சான், நல்லாப் பொழைச்சான். எக்ஸ்போர்ட்டு, பையர், ஆடிட்டுன்னு பெரிய ஆளாயிட்டான். அப்பறம் துணிக்கு வெளிய சாயம் போட்டாக் கட்டுபடியாகலீங்கக்கா, நம்ம காட்டுலயே பட்டறை போட்டுக்கறேன்னான். சாயப்பட்டறை ஆத்தையும் கிணத்தையும் கெடுத்த கதை எங்க பக்கம் கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும்ங்க. ஊரே திரண்டு வந்து கோயில் வாசல்ல உக்காந்துட்டாங்க, ஒரு செங்கல் வெக்க உடமாட்டம்னு. அன்னைக்கு எந்திரிச்சு நின்னவ நானு. அவன் பட்டறைக்கும் என்ற கிணத்துக்கும் நடுவுல ஒரு வேலிதான், கெட்டா மொதல்ல கெடறது என்ற தண்ணி, என்ற கூடப் பொறந்தவன் எனக்குக் கெடுதல் பண்ணுவானான்னு கேட்டேன். என்ற பேச்ச நம்பி அத்தனை பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

எப்படிங்க நம்பாம இருப்பேன்? அவன் கல்யாணத்துல இணைச்சீருக்கு நின்னவ நானு. உங்க பக்கம் அந்தச் சீரு உண்டுங்களா? இல்லீங்களா? எங்களுக்கு அது பெரிய சீரு. தாலி கட்டறதுக்கு முன்னால மாப்பிள்ளைக்குப் பக்கத்துல பொறந்தவள நிக்க வெச்சு, துணியில ரெண்டு பேரையும் இணைப்பாங்க. பொண்டாட்டி வந்தாலும் பொறந்தவளக் கைவிடமாட்டேங்கறதுக்கு. சீரு பண்ணி வெக்கற அருமைக்காரர் சொல்லச் சொல்ல இவன் கண்ணு கலங்கி நின்னான். நான் பாத்தேன்ல.

சரி, பட்டறை வந்துது. சாயத் தண்ணியச் சுத்தம் பண்ணி மறுபடி பட்டறைக்கே எடுத்துக்கோணும், வெளிய ஒரு சொட்டு உடக்கூடாதுன்னு சட்டம். அந்தச் சுத்தம் பண்ணுன தண்ணி வர்ற தொட்டியில ஒரு கம்பிய முக்கி வெச்சிருப்பாங்க. தண்ணியில உப்பு எத்தனை, சாயம் எத்தனைன்னு அது பாத்துட்டே இருந்து சென்னையில பொல்யூசன் ஆபீசுக்குச் சொல்லிரும். உங்களுக்குத் தெரியாததா. ஆனா எங்க காடு பள்ளத்துல கெடக்குதுங்களா, டவர் நிக்காது. மழை வந்தாப் போயிரும், காத்தடிச்சாப் போயிரும். ரீடிங் ஏன் வரலைன்னு சென்னையில கேட்டா, டவர் இல்லீங்க சார்ம்பான். ஊருக்குள்ள முணுமுணுன்னு பேச ஆரம்பிச்சாங்க, மழை வந்தாத்தான் இவனுக்கு டவர் போகுதா, மழையோட மழையாச் சாயத்த வெளிய உடறானான்னு. எனக்கு அது பொறுக்கல. என்ற தம்பியப் பத்திப் பேசறாங்களேன்னு.

அப்பத்தான் சேட்டிலைட்டு லைன் வந்துது. அந்தத் தட்டப் பட்டறை மேல வெக்கலாம்னா புகைபோக்கியும் வேப்பமரமும் மறைக்குது, வானம் முழுசாத் தெரியோணும்னு நீங்க சொன்னீங்க. என்ற மாடியில வெச்சுக்குங்கன்னு நாந்தான் சொன்னேன். கொப்பரை காயப்போடற எடமுங்க அது. ஓரத்துல நின்ன முருங்கையையும் வெட்டிக் குடுத்தேன். நீங்க சொன்னது இன்னும் ஞாபகம் இருக்குது. மேல ஒரே ஒரு சேட்டிலைட்டு இல்லீங்கம்மா, ஆயிரக்கணக்குல சுத்துது, நெம்பத் தாழ்வாப் போகுது, ஒண்ணு நம்ம தலைக்கு மேல வந்து மறையறதுக்குள்ள அடுத்தது வந்து புடிச்சுக்கும்னு. பழனிக்குத் தீர்த்தக் காவடி கொண்டுட்டுப் போறவங்க நடக்க நடக்கவே தோள் மாத்திக்குவாங்களே, கலசம் கீழ படாம, அப்படிங்களான்னு கேட்டேன். அதேதானுங்கம்மான்னு சிரிச்சீங்க. எனக்குக் குளுந்து போச்சு. மழையோ காத்தோ, இனிமே மறைக்கறதுக்கு வழியில்ல, ஊரு வாயும் மூடிரும்னு நெனச்சேன்.

அந்தத் தட்ட நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு உங்களுக்கே தெரியும். காக்கா எச்சம் பட்டாத் தொடைக்கறது, பல்லி ஏறுனாத் தொரத்தறது. ஆயுத பூசைக்கு ஜிகினா மாலை போட்டுப்போட்டேன். சிரிக்காதீங்க! ஊட்டுல இருக்கற மோட்டாருக்கு, டிவிஎஸ்க்கு, கிரைண்டருக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு, அதுக்கு மட்டும் வெக்காம உட மனசு வருங்களா? லைன் கட்டாகி நீங்க பதறியடிச்சுட்டு ஓடி வந்தீங்க. சந்தனம் இருந்துட்டுப் போகுது, ஜிகினா வேண்டாமுங்கம்மான்னு கழட்டிக் கையில குடுத்தீங்க. அப்பறம் அதப் பசுமாட்டுக் கொம்புல சுத்தி உட்டேன்.

அதுக்கு முந்தி ஆடியில ஒருக்கா வந்தீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? உப்பு சரசரன்னு ஏறிக் காட்டுது, என்ன கோளாறுன்னு தெரியிலைன்னு. நீங்க வந்து சேர்றதுக்குள்ள அதுவே எறங்கிருச்சு. தட்டுப் பாத்தீங்க, ஒயர் பாத்தீங்க, எல்லாம் சரியா இருக்குது, என்னான்னே புரியிலீங்கம்மான்னு தலையச் சொறிஞ்சுட்டுப் போனீங்க. அத மனசுல வெச்சுக்குங்க. அங்கதான் சமாச்சாரம் இருக்குது.

அந்த ஆடி வரைக்கும் செங்கோட்டையன் வாரம் தவறாம வண்டியில டிரம் வெச்சுட்டு வந்து எங்க கிணத்துத் தண்ணி புடிச்சுட்டுப் போவான். எதுக்குடா இத்தனைன்னா, ஆபீஸ்ல டீக்குங்கக்கா, உங்க தண்ணியில போட்டாத்தான் எனக்கு டீ எறங்குதும்பான். எனக்கு வாயெல்லாம் பல்லு. துணி வாங்க வர்ற பையருக்குக்கூட எங்க அக்கா ஊட்டுத் தண்ணியிலதான் டீன்னு ஒருக்கா சொன்னான். ஆடிக்கப்பறம் வர்றதில்ல. ஏண்டா வர்றதில்லைன்னு கேட்டா, வேலை எச்சா இருக்குதுங்கக்கா, பசங்க கேன் வாங்கி வெச்சர்றாங்கன்னான். சரி, பெரிய மனுசனாயிட்டான், அக்கா கிணத்துல வந்து தண்ணி சேந்தறது கவுரவக் கொறச்சலாப் பட்டிருக்கும்னு நெனச்சுட்டேன். வேற என்ன நெனப்பேன்?

தண்ணி மாறுனது எனக்கும் தெரிஞ்சுதுங்க. இல்லாம இருக்குமா. சோறு லேசா மஞ்சக் கட்டுது. பருப்பு வேகறதுக்கே பொழுது போகுது. கட்டுத்தாரையில தொட்டி நிறையத் தண்ணி கெடக்குது, மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. மழை இல்ல, அதுதான் உப்பு ஏறிருச்சுன்னு நெனச்சேன். அவங்கிட்டவே கேட்டேன். ஆமாங்கக்கா, ஒரு மழை பெஞ்சாச் சரியாப்போயிரும்னான். அப்படியே, மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லாம.

என்ற பொண்ணு தேஜஸ்ரீ அப்ப முழுகாம இருந்தா. தலைப்பிரசவம். புரட்டாசி முடிஞ்சதுமே இங்க கூட்டியாந்துட்டேன். ஐப்பசியில வளைகாப்பு. தாய்மாமன் சீரு அவந்தான, கொறை வெக்கலீங்க, தட்டுத் தட்டா கொண்டுட்டு வந்தான். தங்க வளையலு, பட்டு, பழம், ஒப்புட்டு, ஒண்ணு உடல. ஊரே வாயப் பொளந்துது. ஆனா பந்தியில உக்காரல. வவுறு சரியில்லீங்கக்கான்னான். அவன் பொண்டாட்டி பொழுதோட வரைக்கும் விரதம்னா. கொஞ்சம் மோராச்சும் குடிங்கன்னு நான் டம்ளரத் தூக்கிட்டு அவன் பின்னாலயே நடக்கறேன். வேண்டாங்கக்கா வேண்டாங்கக்கான்னு தள்ளிப் போறான். அப்பறம் பாத்தா வண்டி டோரத் தெறந்து வெச்சுட்டு, சீல் வெச்ச பாட்டில் தண்ணியக் குடிச்சுட்டு இருக்கறான். அதையும் இந்தக் கண்ணாலதான் பாத்தேன். ஒண்ணும் தோணல. பணக்காரனுக்கு வயித்துக் கோளாறு, பாவம்னு பரிதாபப்பட்டேன்.

இல்லீங்க, அழுகல. புகை.

மார்கழியில கொழந்தை பொறந்துது. ஆம்பளப் புள்ளை. புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கறான். அவளுக்குத்தான் கை காலெல்லாம் வீங்கி, ஒண்ணுக்குப் போறப்பெல்லாம் துடிச்சுப் போயிட்டா. தை கடைசியில டாக்டரம்மா எல்லா டெஸ்டும் எடுத்துட்டு, என்ன தண்ணிம்மா குடிக்கறீங்கன்னு கேட்டாங்க. நான் பெருமையாச் சொல்றேன், எங்க கிணத்துத் தண்ணிங்கன்னு. ஒரு சொம்பு கொண்டாங்கன்னாங்க. கொண்டு போனேன். பேனா மாதிரி ஒரு மீட்டர உட்டுப் பாத்துட்டு டாக்டரம்மா என்னையத் திட்டுன திட்டு இருக்குதே... மாட்டுக்குக்கூட இத வெக்கமாட்டாங்க, படிச்ச பொண்ண வெச்சுட்டு இதையா குடிக்க வெச்சீங்கன்னு. சொம்ப முந்தானையில மறைச்சுட்டு வெளிய வந்தேன்.

பஸ்ஸ விட்டு எறங்குனவ ஊட்டுக்குக்கூடப் போகலீங்க. நேரா அவன் பட்டறைக்குத்தான் ஓடுனேன். எதுக்கு? சண்டை போடவா? இல்லீங்க. அழுகறதுக்கு! தம்பீ, நம்ம கிணறு போச்சுடா, நம்ம தேஜஸ்ரீ படாதபாடு படறாடான்னு அவங்கிட்டச் சொல்லி அழுகோணும்னு ஓடுனேன். வேற யாருகிட்டப் போவேன் நானு?

அவன் இல்ல. திருப்பூர் போயிருக்கறான்னாங்க. வெளிய உக்காந்தா எல்லாரும் பாக்கறாங்கன்னு அப்படியே பின்னால நடந்தேன். மொதலாளி அக்கா, யாரு தடுப்பா. சுத்தம் பண்ணுன தண்ணித் தொட்டி இருக்குது. என்ற மாடித் தட்டுல இருந்து வர்ற ஒயரு ஒரு பொட்டிக்குப் போகுது. அந்தப் பொட்டியில இருந்து கம்பி எறங்குது பாருங்க, அது தொட்டிக்குள்ள போகலீங்கம்மிணி. பக்கத்துல மூடி போட்ட நீல டிரம் ஒண்ணு. அதுக்குள்ள போகுது. டிரம்முக்குப் பக்கத்துல கேன் தண்ணி வரிசையா அடுக்கி வெச்சிருக்குது. இன்னும் நாலெட்டு வெச்சா வேலியோரம் எங்கப்பன் போட்ட பழைய போர்க்குழி. தண்ணி இல்லாம எப்பவோ மூடுனது. அதுக்குள்ள இத்தாப்பெரிய கொழா எறங்குது. கொழா வாயெல்லாம் சாயத்தோட நீலக் கறை.

அங்க ஒரு வடக்கத்திப் பையன் கேன ஒடைச்சு டிரம்முல ஊத்திட்டு இருந்தான். இது என்னடா தம்பின்னேன். அவனுக்கு என்ற மேல மரியாதைங்க, தீவாளிக்கெல்லாம் முறுக்கு குடுப்பேன். சிரிச்சுட்டே சொல்றான், தமிழும் இந்தியுமா. முன்னாடி அக்கா ஊட்டுப் பானிதான் ஊத்துவோம் அக்கா. நல்ல பானி. அப்பறம் அக்கா பானி கராப் ஆச்சு, கெட்டுப் போச்சு, மீட்டர் மேல மேல போச்சு. சார் வந்து பாத்தாரு, அக்கா பானி வேணாம், இனிமே கேன் பானி போடுன்னாரு.

புரியுதுங்களா உங்களுக்கு?

டீக்குன்னு என்ற கையால நான் ஊத்திக் குடுத்த தண்ணியில கம்பிய முக்கி வெச்சு, பட்டறைத் தண்ணி எத்தனை சுத்தம் பாருங்கன்னு சென்னைக்குக் காட்டியிருக்கறான். மேல பறக்கறது அத்தனையும் ஒண்ணுக்கொண்ணு கை மாத்தி, கண்ணும் கருத்துமா என்ற கிணத்துத் தண்ணியத்தான் தூக்கிட்டுப் போயிருக்குது. அதுகூடப் பரவாயில்லீங்க. திருட்டுத்தனம், தொழில்ல பத்துப் பேரு பண்றதுன்னு நெனச்சுட்டு உட்ருவேன். ஆனா ஆடியில உப்பு ஏறுச்சே, நீங்க ஓடி வந்து தலையச் சொறிஞ்சீங்களே, அது மிஷின் கோளாறில்ல. அன்னைக்குத்தான் என்ற கிணறு செத்துப்போச்சு. சேட்டிலைட்டு அதச் சரியாத்தான் சொல்லியிருக்குது. இந்த ஊர்ல அது தெரிஞ்ச மொத ஆளு என்ற தம்பி. தெரிஞ்சதும் என்ன பண்ணுனான்? டிரம்முல தண்ணிய மாத்துனான். எங்க கொடத்துல மாத்தச் சொல்லல.

அன்னைக்கே பொழுதோட வந்தான். இதா, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் நின்னான். ஏண்டா, உனக்குத் தெரியுமாடான்னேன். தெரியாதுங்கக்கான்னு சொல்லுவான்னு எதிர்பாத்தேன். சொல்லியிருந்தான்னா அதையும் நம்பித் தொலைச்சிருப்பேன். சொல்லல. ஷிப்மென்ட் இருந்துதுங்கக்கா, அது போயிரட்டும், அப்பறமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்னான். ஷிப்மென்ட்டு! உள்ள அவன் சீரு செஞ்ச அக்கா மக வலி தாங்காம மொனகறது கேக்குது, இவன் எனக்கு ஷிப்மென்ட் சொல்றான். வெளிய போடான்னேன். போயிட்டான். அவ்வளவுதான், அதுக்கப்பறம் வரலை.

ஊருக்காரங்ககிட்டச் சொல்லலாமேங்கறீங்களா? என்ன மூஞ்சியோட சொல்றது? எந்திரிச்சு நின்னவ நாந்தான. அவங்க கிணறு எத்தனை கெட்டுருக்குதோ. பக்கத்துக் காட்டு வேலாத்தா நேத்து வந்து, ஏக்கா எங்க போர்லயும் சோறு மஞ்சக் கட்டுதுங்கறா. ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் பாத்தேன். சென்னைக்கு நான் எழுதுனா எவன் படிப்பான்? அவங்களுக்குத்தான் நிமிசத்துக்கு நிமிசம் மேல இருந்து வருதே, தண்ணி சுத்தம், தண்ணி சுத்தம்னு.

போன் அடிக்குதுங்க, எடுங்க. அவனா? ... ம். என்னங்கறான்? மிஷின் கோளாறுன்னு எழுதிக் குடுத்துருங்கன்னு சொல்றானா? சொல்லுவான். உங்க பொழப்பு உங்களுக்கு, எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம். நான் கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கப் போறதில்ல.

ரீடிங் ஏறுனதுக்கு மிஷின் காரணமில்லீங்கம்மிணி. இன்னைக்குக் காத்தால பால் பீச்சிப்போட்டு, எங்க கிணத்துல ரெண்டு கொடம் சேந்திட்டுப் போய் அந்த நீல டிரம்முல நாந்தான் ஊத்துனேன். மொதல்ல டிரம்மச் சாச்சு கேன் தண்ணியெல்லாம் கீழ உட்டேன். அந்த வடக்கத்திப் பையன் பாத்துட்டுத்தான் நின்னான். கம்பியையும் நானே எடுத்து உள்ள உட்டேன். உப்பு போடலீங்க, சாயம் கலக்கலீங்க. ஆடியில இருந்து அவன் பாத்துட்டு இருக்க இருக்க நாங்க குடிச்ச தண்ணி. அதத்தான் அப்படியே ஊத்துனேன்.